டாப்பெட் சத்தம், மிஸ்ஸிங், நீலப்புகை: பெட்ரோல் கார் வால்வுக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரத்தில் இன்னும் நிறைய பழைய பெட்ரோல் கார்கள் ஓடுகின்றன. நவக்கிரகக் கோயில்களுக்கு ஆள் ஏற்றும் ஆம்னி, வீட்டுக்கு வீடு நிற்கும் 800, அங்கங்கே ஒரு அம்பாசடர், அப்புறம் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த செயின் இன்ஜின் கார்கள். இவற்றில் வால்வு (சிலிண்டருக்குக் காற்றும் புகையும் போய் வரும் வாசலைத் திறந்து மூடுவது), கேம்ஷாஃப்ட் அல்லது கேம் (சுற்றிக்கொண்டே தன் முட்டால் வால்வைத் தள்ளும் தண்டு), ராக்கர் (அந்தத் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் கை) சம்பந்தமாக வரும் புகார்கள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப அதையே பார்த்துப் பார்த்து எழுதுவது இது. தத்துவம் கிடையாது, எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்பது மட்டும்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். டாப்பெட் என்பது கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் தள்ளிக் கொடுக்கும் பாகம், அங்கே ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். சத்தம் போடுகிற டாப்பெட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் சத்தமே போடாமல் இடைவெளி இல்லாமல் இறுகிக் கிடக்கும் டாப்பெட்தான் எக்ஸாஸ்ட் வால்வை (புகை வெளியேறும் வால்வு) எரித்து ஹெட்டைக் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பாகம்) கழற்ற வைக்கும்.

முதலில் உங்கள் இன்ஜின் எந்த ரகம்?

இது தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். 800, ஆம்னி இரண்டிலும் ராக்கர் மேல் அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும், டைமிங் பெல்ட் ஓடும். பழைய 1489 சிசி அம்பாசடரில் கேம் கீழே பிளாக்கில் இருக்கும், புஷ் ராடு வழியாக ராக்கரைத் தள்ளும், அங்கேயும் ஸ்க்ரூதான். 2008-இல் ஏ-ஸ்டாரோடு வந்த மாருதியின் கே சீரிஸ் இன்ஜினில் கேம் நேராக பக்கெட் டாப்பெட்டை அழுத்தும், ஸ்க்ரூ எதுவும் கிடையாது, இடைவெளி மாற்ற வேண்டுமென்றால் வேறு தடிமனில் பக்கெட் வாங்கிப் போட வேண்டும், அதற்கு கேமையே கழற்ற வேண்டும். நான்காவது ரகம் ஹைட்ராலிக், அது ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். அதில் ஃபீலர் கேஜுக்கு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேலையே இல்லை.

அறிகுறி 1: டிக் டிக் சத்தம்

*ஸ்டார்ட் செய்த சில விநாடி மட்டும் வந்து நின்றுவிடுகிறதா?*

ஹைட்ராலிக் இன்ஜினில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஓரிரு விநாடி தட்டினால் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் நீடித்தால் ஆயில் ஃபில்டரை மாற்றுங்கள். விலை குறைந்த ஃபில்டர் பலவற்றில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் சரியாக வேலை செய்யாது. ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்தாலும் தப்பு, குச்சியில் மேல் கோட்டைத் தாண்டினாலும் தப்பு, ஏனென்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் அடித்தண்டு) ஆயிலை அடித்து நுரையாக்கி அந்தக் காற்று டாப்பெட்டுக்குள் போகும்.

*சூடாகும் வரை இருந்து மெல்ல மறைகிறதா?*

டாப்பெட் என்று முடிவு கட்டுவதற்கு முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். கேஸ்கட் விட்டிருந்தால் அச்சு அசலாக டாப்பெட் மாதிரியே தட்டும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு ஊதுபத்தியை மேனிஃபோல்ட் ஓரமாகக் கொண்டு போனால் புகை படபடவென்று சிதறும் இடம்தான் ஓட்டை. பெட்ரோல் கசிவு, பெட்ரோல் வாசனை இருந்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. மேனிஃபோல்ட் இணைப்பில் கரி படிந்த கோடு தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது.

*எப்போதும் இருக்கிறதா?*

கேம், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐட்லிங் 800 ஆர்பிஎம் என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை தட்டும், விநாடிக்கு ஆறேழு. தனித்தனித் தட்டாகக் காதில் விழுகிற வேகம் இது. அதைவிட இரட்டிப்பு வேகத்தில், கனமாக, அடியிலிருந்து வந்தால் அது பேரிங் அல்லது பிஸ்டன், உடனே இன்ஜினை நிறுத்துங்கள், இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

வால்வு சத்தம்தான் என்றால், ஸ்க்ரூ இருக்கும் இன்ஜினில் இடைவெளி பார்க்க வேண்டும். வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். உங்கள் இன்ஜினுக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பொதுவாக பெட்ரோல் கார்களில் இன்டேக் (காற்று உள்ளே வரும் வால்வு) 0.15 முதல் 0.25 மி.மீ. வரை, எக்ஸாஸ்ட் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பழைய 1489 சிசி அம்பாசடருக்கு இரண்டுமே 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அம்பாசடரில் தொழில் கற்றவர்களுக்கு ஒன்பது கணக்கு தெரியும்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வை, ஏழாவது திறந்தால் இரண்டாவதை வை, எப்போதும் கூட்டினால் ஒன்பது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு இன்ஜினுக்கு அது சரி. மூன்று சிலிண்டர் 800-இல் அது செல்லாது. அதில் ஃபயரிங் ஆர்டர் 1-3-2. ஒன்றாவது சிலிண்டரை கம்ப்ரஷனில் (அதன் வால்வுகள் மூடி, காற்று அழுந்தும் நிலை) மேலே கொண்டு வந்து அதன் வால்வுகளை வையுங்கள், அப்புறம் கிராங்கை 240 டிகிரி திருப்பி மூன்றாவதை, இன்னொரு 240 திருப்பி இரண்டாவதை. இதைத் தெரியாமல் வைத்தால் ஒரு வால்வு சத்தம் போடும், இன்னொன்று இறுகிவிடும்.

லாக் நட்டை முறுக்கிய பிறகு மறுபடி ஃபீலரை விட்டுப் பாருங்கள். முறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும், இதைப் பார்க்காமல் விடுவதால்தான் பாதி வேலை திரும்பி வருகிறது.

எல்லாம் சரியாக வைத்தும் ஒரு வால்வு மட்டும் தட்டுகிறதா? ராக்கர் நுனியைக் கழற்றிப் பாருங்கள். வால்வு தண்டு தொட்டுத் தொட்டு அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். ஃபீலர் அந்தக் குழியின் மேல் பாலமாகப் படுத்துக்கொள்ளும், நீங்கள் 0.15 என்று நினைப்பது உண்மையில் 0.30 ஆக இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் சத்தம் போகும் வரை ஸ்க்ரூவை இறுக்குகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். ராக்கரை மாற்றுங்கள். ராக்கரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் ஷாஃப்டும் தேய்ந்திருக்கிறது.

சத்தத்தை அடக்க கெட்டியான ஆயில் ஊற்றுவதையும் நான் ஏற்க மாட்டேன். 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20 கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஹெட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், சத்தம் மழுங்கும், தேய்மானம் கூடும்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்: பக்கெட் ரகம் என்றால் அளப்பது நீங்களே செய்யலாம், மாற்றுவதை விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். ஆயில் விளக்கு எரிந்துகொண்டே தட்டினால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகக்கூட வேண்டாம்.

அறிகுறி 2: சத்தம் இல்லை, ஆனால் ஐட்லிங்கில் குலுங்குகிறது, பிக்கப் இல்லை

கவனமாகப் பார்க்க வேண்டியது இதுதான். குறிப்பாக கேஸ் மாட்டிய வண்டி என்றால்.

*முதலில் செலவில்லாதவை.* ஸ்பார்க் பிளக், காயில், வாக்யூம் ஹோஸ். நம் பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும், எலி. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் எலிகள் வயலை விட்டு வீட்டுப் பக்கம் வரும், கதகதப்பாக இருக்கிற இன்ஜின் மேல் வைக்கோலைக் கொண்டு வந்து கூடு கட்டும், இன்ஜெக்டர் ஒயரைக் கடிக்கும். ஒரு ஒயர் அறுந்து ஒரு சிலிண்டர் வேலை செய்யாத வண்டிக்கு வால்வு எரிந்துவிட்டது என்று சொல்லி ஹெட்டை இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

*எந்த சிலிண்டர்?* இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றியும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. ஓடும்போது காயிலைப் பிடுங்காதீர்கள், ஷாக் அடிக்கும், காயிலும் போகும். ஸ்கேனர் இருந்தால் பி0301, பி0302 என்று கோடே சிலிண்டர் எண்ணைச் சொல்லிவிடும்.

*கம்ப்ரஷன் பாருங்கள்.* எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பேட்டரி நல்லதாக இருக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதை விட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பது முக்கியம். ஒன்று மட்டும் மற்றதில் முக்கால் பங்குக்குக் கீழே என்றால் அங்கே கோளாறு. அந்த ஓட்டையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

*காற்று விட்டுப் பாருங்கள்.* பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும். அந்த சிலிண்டரை கம்ப்ரஷனில் மேலே நிறுத்தி, கியர் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, பிளக் ஓட்டை வழியாகக் காற்று விடுங்கள். கிராங்க் திடீரென்று சுற்றலாம், ஸ்பேனரை அதில் மாட்டி வைக்காதீர்கள். சைலன்ஸரில் உஸ்ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட்.

*எக்ஸாஸ்ட் வால்வு என்று வந்தால்* உடனே ஹெட்டை இறக்காதீர்கள். இடைவெளியை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஃபீலரே நுழையாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையம்) உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் தண்டு நீண்டு, வால்வு முழுக்க மூடாது, உட்கார நேரம் கிடைக்காது, ஓரம் எரியும். குளிரில் ஓரளவு நன்றாக ஓடி, சூடானதும் குலுங்கல் அதிகமாகும் வண்டி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இடைவெளியைச் சரியாக வைத்து மறுபடி காற்று விட்டுப் பாருங்கள். உஸ் சத்தம் நின்று கம்ப்ரஷன் திரும்பினால் ஃபீலர் கேஜ் செலவோடு தப்பித்தீர்கள். திரும்பாவிட்டால் ஓரம் எரிந்துவிட்டது, ஹெட் இறங்கத்தான் வேண்டும்.

கேஸில் ஓடும் ஆம்னிகளில் இது ஏன் அதிகம் என்றால், கேஸ் வறட்சியாக எரியும், சீட் மெல்ல மெல்ல உள்ளே தேய்ந்து இறங்கும். சீட் இறங்கினால் வால்வு தண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். அதாவது வண்டி தேயத் தேய சத்தம் குறைந்துகொண்டே வரும். ஓட்டுநர் இன்ஜின் நன்றாக செட்டாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். கேஸ் வண்டிக்கு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சத்தம் இருக்கோ இல்லையோ இடைவெளி பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே வால்வு இறுகி வந்தால் அந்த சீட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. கடினமான சீட் ரிங் போடும் பட்டறையில் கொடுங்கள். பழைய சீட்டையே வெட்டி, பேஸ்ட் போட்டு உரசிக் கொடுத்தால் சில மாதத்தில் மறுபடி அதே கதைதான்.

மிஸ்ஸிங்கோடு (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல்) நாள் கணக்காக ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அதன் விலை ஹெட் வேலையை விட அதிகமாகலாம்.

அறிகுறி 3: நீலப்புகை

*காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிடுகிறதா?* வால்வு சீல். ராத்திரியில் ஆயில் தண்டு வழியாக இறங்கித் தேங்கியிருக்கும்.

*ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது வருகிறதா?* இதுவும் சீல் அல்லது கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்). மலைச்சரிவில் இறங்கிப் பார்ப்பார்கள், நமக்கு ஏது மலை. காலியான பைபாஸில் மூன்றாவது கியரில் அறுபதுக்குக் கொண்டு போய், காலை முழுக்க எடுத்து ஐந்தாறு விநாடி விட்டு, மறுபடி மிதிக்கும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

*மிதித்துக்கொண்டே இருக்கும்போது வருகிறதா?* அது ரிங், வேறு பேச்சு.

சீலை மாற்றுவதற்கு முன் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக் பக்கம் அனுப்புவது) கழற்றிக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள், சில நூறு ரூபாயில் முடியும் சமாசாரம். சீல்தான் என்றால் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே செலுத்தி, நுனியை வெளியே விட்டு, பிஸ்டனைக் கையால் மேலே ஏற்றினால் கயிறு வால்வைத் தாங்கிப் பிடிக்கும், ஸ்பிரிங்கை அழுத்தி லாக்கைக் கழற்றலாம். அப்படியே வால்வைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் கைடு போயிருக்கிறது, புது சீல் போட்டாலும் நிற்காது.

அறிகுறி 4: ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் கர கர

செயின் இன்ஜின். ஆயில் அழுத்தம் வந்து செயினை இறுக்கும் டென்ஷனர் தள்ளும் வரை செயின் தளர்ந்து கவரில் உரசுகிறது. ஆயிலையும் ஃபில்டரையும் சரியான கிரேடில் மாற்றிப் பாருங்கள். சில நாளில் திரும்பினால் டென்ஷனர். அதோடு பி0016 கோடும் வந்தால் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம், செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், வேன் வைத்து இழுத்துப் போங்கள். செயின் மாற்றும்போது செயின் கைடு, டென்ஷனர், பல்சக்கரம் எல்லாம் சேர்த்து மாற்றுகிறவரிடம் கொடுங்கள்.

பெல்ட் இன்ஜின் எதுவும் சொல்லாமல் அறுந்துவிடும். கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றுத் தண்ணீருக்குள் ஓட்டிய வண்டி என்றால் கவரைத் திறந்து பெல்ட்டைப் பார்த்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மட்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான்.

அறிகுறி 5: மாதக்கணக்கில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் இது சகஜம். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், கார் ஷெட்டில் கிடக்கும். நிற்கும் இன்ஜினில் ஏதாவது ஒரு வால்வு திறந்தேதான் இருக்கும். அந்த வழியாக ஈரம் போய் சீட்டில் துரு ஏறும், தண்டில் பிசின் கட்டி கைடில் ஒட்டிக்கொள்ளும். நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் இன்னும் வேகமாக நடக்கும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் பழைய பெட்ரோலை வெளியேற்றிவிடுங்கள்.

ஸ்டார்ட்டரை அடிக்காதீர்கள். ஒட்டிய வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், புஷ் ராடு வளையலாம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். வால்வு கவரைத் திறந்து கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே ஒவ்வொரு வால்வும் கீழே போய்த் திரும்பி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். கேம் விட்ட பிறகும் கீழேயே நிற்கும் வால்வின் தண்டில் எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழாவிட்டால், அல்லது கை கொண்டு திருப்பும்போது எங்காவது இடித்து நின்றால், அங்கேயே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஊரில் இருப்பவரிடம் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்வது கெடுதல்தான், இன்ஜினுக்குள் ஈரம் சேரும். ஓட்டினால் அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆனால் இழுவை இல்லை, கார்புரேட்டரில் படார் என்று அடிக்கிறது

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு. பிளக் ஒயர் மாறியிருக்கிறதா, இக்னிஷன் டைமிங் சரியா, பெட்ரோல் கலவை சரியா என்று முதலில் பாருங்கள். எல்லாம் சரியென்றால் கேம் முட்டு தேய்ந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் முட்டு தேய்ந்தால் எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல், இன்டேக் திறந்ததும் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கும். டயல் கேஜை ராக்கர் மேல் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். எல்லா எக்ஸாஸ்டும் தங்களுக்குள் கிட்டத்தட்ட சமமாக, எல்லா இன்டேக்கும் அதேபோல் இருக்க வேண்டும்.

இந்தத் தட்டை டாப்பெட் கேமுக்குத் துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த ஆயில் வேண்டும். 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் ஆயில் தரத்திலிருந்து கேட்டலிக் கன்வெர்ட்டரைக் காக்க மெல்லிய கிரேடு ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். நல்லது என்று நினைத்து விலை கூடிய மெல்லிய ஆயிலை அம்பாசடரில் ஊற்றாதீர்கள், 20டபிள்யூ-50 போதும். கேம் மாற்றினால் டாப்பெட்டுகளையும் கட்டாயம் மாற்றுங்கள், பழைய டாப்பெட் புதுக் கேமை வெகு சீக்கிரம் தின்றுவிடும். முதல் ஸ்டார்ட்டிலேயே ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

அறிகுறி 7: கேமை ரீகிரைண்ட் செய்து போட்ட பிறகு வந்த தொல்லைகள்

இளைஞர்கள் கேமை வேறு வடிவத்தில் அரைத்து வாங்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஆசை நியாயமானது, ஆனால் கேம் மட்டும் தனியாக மாறாது.

*சத்தம் அதிகமா?* அரைத்தவர் கொடுத்த இடைவெளியைக் கேளுங்கள், கம்பெனி இடைவெளி இதற்குப் பொருந்தாது. முட்டின் ஆரம்பத்தில் வால்வை மெதுவாகத் தூக்க ஒரு சிறு சரிவு இருக்கும், இடைவெளி அதற்குள் முடிய வேண்டும். கூடுதலாக வைத்தால் சரிவு தாண்டிய பிறகு வேகமாக இடிக்கும், மூடும்போதும் வால்வு சீட்டில் அடித்து உட்காரும். அரைத்ததில் அடிவட்டம் சிறுத்திருக்கும் என்பதால் ஸ்க்ரூ கடைசி வரை இறங்கியிருக்கிறதா, ராக்கர் நுனி வால்வுத் தண்டின் நடுவில் படுகிறதா என்றும் பாருங்கள்.

*மேல் ஆர்பிஎம்மில் திணறுகிறதா?* ஸ்பிரிங் பலம் போதாமல் வால்வு கேமைப் பின்தொடரவில்லை. கடினமான ஸ்பிரிங் போடும் முன், வால்வு முழுக்கத் திறந்த நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்ட இன்னும் 1 முதல் 1.5 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று அளங்கள். அளவுக்கு மீறிய ஸ்பிரிங் கேமைத் தின்னும்.

*கம்ப்ரஷன் குறைவாகக் காட்டுகிறதா?* பயப்பட வேண்டாம். இன்டேக் தாமதமாக மூடும் கேமில் ஸ்டார்ட்டர் வேகத்தில் காற்று கொஞ்சம் திரும்பிப் போகும். எல்லா சிலிண்டரும் சமமாகக் குறைந்திருந்தால் வால்வில் கோளாறு இல்லை. காற்று விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

*ஐட்லிங் குலுங்கி, கீழே இழுவை போய்விட்டதா?* டிகிரி வட்டு வைத்துக் கேம் டைமிங்கைச் சரிபாருங்கள், அரைத்ததில் சில டிகிரி தள்ளிப் போயிருக்கும். சரியாக இருந்தும் அப்படித்தான் என்றால் வால்வு திறந்திருக்கும் நேரமும் ஓவர்லாப்பும் (இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) நம் ரோட்டுக்கு அதிகம். கும்பகோணத்துக் கடைத்தெருவிலும் அணைக்கரைப் பாலத்திலும் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழேயே ஓடும் வண்டிக்கு 6,000-இல் சக்தி தரும் கேம் எதற்கு? லிஃப்ட் (வால்வு திறக்கும் தூரம்) கொஞ்சம் கூட்டி, திறந்திருக்கும் நேரத்தை ஏறக்குறைய கம்பெனி அளவிலேயே வைத்து அரைக்கச் சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

லிஃப்ட் கூட்டிய எந்தக் கேமையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி அந்தக் களிமண்ணை அறுத்து அளக்க வேண்டும். மிக மெல்லிய இடத்தில் இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஸ்டார்ட் செய்யாமல், கேமையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு அரைத்தவரிடமே திரும்பப் போங்கள்.